குண்டு பின்னால் வருகிறது

என் அக்கா மகாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "யார்கிட்ட பர்மிஷன் வாங்கின?" என்பதுதான். அப்படிப்பட்ட பிறவி. விமான நிலையத்தைக் காவல் காக்கும் படையில் அவள் இன்ஸ்பெக்டர். பயணிகளைச் சோதனை போடும் இடத்தில் ஒரு ஷிஃப்டுக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்குக் கீழே இருக்கிறவர்கள் ஹரியானா, ராஜஸ்தான், பீகார், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்கள் பயணிகளைக் கவனிக்கிறார்கள். அவர்களை இவள் கவனிக்கிறாள். இவளைக் கவனிக்க அரசாங்கம் ஆள் போடவில்லை. அந்த வேலையைத்தான் சம்பளம் இல்லாமல் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தினேஷ், அவளுடைய ஒரே தம்பி. ராஜாஜிநகரில் மோட்டார் உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வீடு ஒக்கலிபுரத்தில், கன்னட ஊருக்குள் இருக்கும் தமிழ்ப் பேட்டை. காலமான எங்கள் அப்பா ஆதிகேசவன் ரயில்வேயில் இருந்தவர், அதனால் எங்களுக்குப் பயணம் என்றால் ரயில், ரயில் என்றால் புளிச்சோறு, சீட்டுக்கு அடியில் பையைக் கட்டிவைக்க ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. விமானம் என்பது அக்கா வேலைக்குப் போகும் இடம், அவ்வளவுதான்.

அவளோடு ஒரு வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. விருந்தாளி வந்தால் முகத்தைப் பார்த்து வாங்க என்று சொல்வது உலக வழக்கம். இவள் முதலில் கையைப் பார்ப்பாள், அப்புறம் பையைப் பார்ப்பாள், முகத்துக்கு வருவதற்குள் அவர்கள் உட்கார்ந்தே விடுவார்கள். ஒரு தடவை சித்தி மகள் கல்யாணத்தில் நாற்காலி ஒன்றில் யாருமில்லாமல் ஒரு கட்டைப்பை இருந்தது. "யாருது இது? யாருது?" என்று மூன்று முறை கேட்டாள். அந்த வரிசையையே எழுப்பி மண்டபத்துக்கு வெளியே நிற்க வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் மாமா கை கழுவிவிட்டு வந்து, தன் தாம்பூலப் பையைத் தேடி அலைந்தார். அன்றிலிருந்து எங்கள் உறவுக்காரர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது, நான் உட்பட. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இந்த ஊரில் புழங்கும் கன்னடத்திலும் தமிழிலும் ஏதாவது கற்றுக்கொடுப்பாள். மொழி தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றால் பயணிக்குக் கோபம் வரும், காவலருக்கும் கோபம் வரும், வரிசை நீளும் என்பது அவள் கணக்கு. நல்ல எண்ணம்தான். என்ன சிக்கல் என்றால், அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒக்கலிபுரத்துத் தமிழ். ஆறடி உயரத்தில் மீசை முறுக்கிய ராஜஸ்தான்காரர் ஒருவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரிய மனிதரைப் பார்த்து, "அண்ணாத்தே, பெல்ட்டு கயட்டு" என்று சொல்ல, அவர் புகார் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டார். மறுநாள் பாடத்தில் திருத்தம் வந்தது. "கயட்டுங்க, சார்."

மரியாதைச் சொற்களோடு ஆபத்தான சொற்களும் உண்டு. கத்தி, துப்பாக்கி, வெடி. அந்த வரிசையில் ஒரு நாள் குண்டு வந்தது. அதற்குக் காரணம் இரண்டு கன்னடப் பையன்கள். கோவாவுக்குப் போகிற குஷியில், இறங்கியதும் குண்டு போடலாம் என்று வரிசையில் நின்றபடியே கன்னடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் சரக்கு அடிக்கலாம் என்று அர்த்தம். அரைகுறையாகத் தமிழ் கற்ற காவலர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அக்கா போய்ப் பேசி அவர்களை அனுப்பிவைத்தாள். மறுநாள் பாடம் நடத்தினாள். "குண்டுன்னா கன்னடத்துல சரக்கு. தமிழ்ல பாம். தமிழ்க்காரங்க வாயில அந்த வார்த்தை வந்தா, கிழவியா இருந்தாலும் சரி, சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் சரி, நிறுத்து. அப்புறம் பேசு."

நன்றாகத்தான் நடத்தினாள். தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பதும், அது தன் வீட்டிலேயே தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறது என்பதும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஏனென்றால், குண்டு நான்தான்.

அந்தப் பெயரை எனக்கு வைத்தவளும் அவள்தான். நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, ஏழு வயசு மகா துணியை விலக்கி எட்டிப் பார்த்து, "குண்டு" என்றாளாம். அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் யோசித்து வைத்த தினேஷ் என்ற பெயர் ஸ்கூலோடு நின்றுவிட்டது. வீட்டில், தெருவில், பால் பூத்தில், எல்லா இடத்திலும் குண்டு. போதாததற்கு, எங்கள் அம்மா முத்தம்மா, பாசம் மிஞ்சினால் என்னை 'அது' என்றுதான் சொல்வாள். குண்டு சாப்பிடுச்சா, குண்டு தூங்குது, அது சாது. கேட்கிறவர்கள் நாங்கள் ஏதோ வளர்க்கிறோம் என்று நினைப்பார்கள்.

இதெல்லாம் பழகிப்போன சங்கதி. ஆனால் பம்பாயில் கிருத்திகாவைப் பேசி முடித்த பிறகு எனக்குக் கொஞ்சம் மானம் ரோஷம் வந்தது. சயான் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போனில் என்னை "தினேஷ்" என்று கூப்பிடுவாள், எனக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும், இருந்தாலும் பிடித்திருந்தது. அதனால் வீட்டில் தெளிவாகச் சொன்னேன். "அவங்க முன்னாடி மட்டும் அந்தப் பேரச் சொல்லாதீங்க."

"சரிடா குண்டு" என்றாள் அம்மா.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தோம். அந்த நாள் நெருங்கும்போது குடியரசு தினப் பாதுகாப்பு என்று அக்காவின் லீவை ரத்து செய்துவிட்டார்கள். அக்கா இல்லாமல் எப்படி என்று தேதியை மாற்றினோம். இரண்டாவது தேதிக்கு யாரோ பெரிய தலைவர் ஊருக்கு வந்தார். மறுபடியும் லீவு போச்சு, மறுபடியும் தேதி மாறியது. கிருத்திகாவின் அப்பா போன் செய்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மூணாவது தடவையும் மாறுச்சுன்னா நீங்க வேற இடம் பாத்துக்குங்க. நாங்களும் பாத்துக்குறோம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஆளுங்க வந்து உக்காந்திருப்பாங்க."

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்புறம் சொன்னாள், "நான் இல்லாம போங்க. பிளேன்ல போங்க. டிக்கெட் நான் போடுறேன். என் டியூட்டி நேரத்துல, என் கேட்டு வழியா போங்க. அதையாவது பாக்குறேன்."

அம்மாவுக்கு விமானம் என்றால் பயம். இருந்தும் ஒத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரு குறை உண்டு, அதை என்னிடம் மட்டும் சொல்வாள். "ஊர்ல கீற பொம்பளைங்கள எல்லாம் நாள் பூரா தொட்டுத் தொட்டுப் பாக்குறா. பெத்தவள ஒரு வாட்டி தொட்டாளா? வர்றா, துன்றா, தூங்குறா." படையில் சேர்ந்ததிலிருந்து அக்கா அப்படித்தான், யாரோடும் ஒரு கை தள்ளியே நிற்பாள். வேலை பார்க்கிற இடத்திலாவது மகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று அம்மா நினைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை அக்கா எங்கள் பைகளை வீட்டிலேயே சோதனை போட்டாள். சங்கிலியும் பூட்டும் வெளியே வந்தன. பெண்ணுக்கு வைத்திருந்த கொப்பரைத் தேங்காய், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்குமாம், வெளியே வந்தது. எண்ணெய் பாட்டில், ஊறுகாய், நகவெட்டி, பழம் நறுக்க அம்மா சேலைக்குள் சுற்றிவைத்திருந்த கத்தி, எல்லாம் கட்டில் மேல் வரிசையாக உட்கார்ந்தன. "ஏன்டீ, நிச்சயத்துக்குப் போறோமா, ஜெயிலுக்குப் போறோமா?" என்றாள் அம்மா.

"அங்க யாரும் உங்கள நிறுத்தக் கூடாது, அதுக்குத்தான். இன்னொண்ணு. என்னப் பாத்தா தெரியாத மாதிரி போவணும். யாரு கேட்டாலும் என் பேரு வாயில வரக் கூடாது. எங்கம்மான்னு தெரிஞ்சா பசங்க சரியா செக் பண்ண மாட்டாங்க."

அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஆபத்தான எல்லாவற்றையும் எடுத்துவிட்ட திருப்தியோடு அக்கா ஜிப்பை மூடினாள். சாமானை எடுத்தாள், வார்த்தையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சோதனை நடக்கும் இடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நான் பெல்ட், செருப்பு, போன் எல்லாவற்றையும் ட்ரேயில் போட்டுவிட்டு, பேன்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அக்கா தூரத்தில் கண்ணாடி அறையில் இருந்தாள். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்க அவள் பட்ட பாடு எனக்கு மட்டும் தெரிந்தது. அம்மாவைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள் கிரண் என்ற கான்ஸ்டபிள். ஹரியானாப் பெண், வேலைக்குப் புதுசு, அக்கா பாடம் நடத்தினால் முதல் வரிசையில் நிற்கிற ரகம்.

திரைக்குள் நடந்தது எல்லாமே எனக்குக் கேட்டது. எங்கள் அம்மாவின் குரல் ரயில்வே பிளாட்பாரத்தில் பழகிய குரல்.

"அம்மா, கைய தூக்குங்கோ. பையில இன்னா கீது?" என்றாள் கிரண்.

அம்மா அப்படியே உருகிவிட்டாள். "அட, நம்ம ஊட்டுப் பேச்சு பேசுறியே கண்ணு! பையில மைசூர்பாக்கும் ஒரு பொடவையும்தான் கீது. குண்டு பின்னால வருது."

கிரண் கையிலிருந்த சோதனைக் கருவியின் பீப் சத்தம் நின்றது.

"குண்டு?"

"ஆமா கண்ணு, குண்டு."

"குண்டு... பின்னால?"

"பயப்படாத. அது சாது. ஒண்ணும் பண்ணாது."

கிரண் பயிற்சியில் சொன்னபடி நிதானத்தை விடவில்லை. "டிக்கெட் யாரு குடுத்தாங்கோ?"

அம்மாவுக்குச் சத்தியம் ஞாபகம் வந்துவிட்டது. "அத சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாது?"

"மேல கீறவங்க. வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிக்கிறாங்க."

"குண்டு எங்க?"

திரை விலகியது. அம்மா பெருமையோடு விரலை நீட்டினாள். "அதோ, அந்த பெல்ட்டு கிட்ட நிக்குது பாரு."

எல்லோரும் பைகள் போகிற பெல்ட்டைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அதன் மேல் இருந்தது ஏதோ ஒரு ஐ.டி. பையனின் லேப்டாப் பை. அவன் முகம் வெளுத்துப்போய் இரண்டு கையையும் தானாகவே தூக்கிவிட்டான். கிரண் வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னாள். பெல்ட் நின்றது. வரிசைகள் நின்றன. நான் பேன்ட்டைப் பிடித்தபடி, "அது நான்தாங்க, குண்டு நான்தாங்க" என்று கத்தினேன். இன்றைக்கு வரைக்கும் நான் வாயால் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அதுதான். நான்கு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள்.

அக்கா வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிரணைப் பார்த்தாள். கிரண் விறைப்பாக சல்யூட் அடித்து, "மேடம், குண்டு" என்றாள். அந்த ஒரு நொடியில் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் வாய் ஓரம் துடித்தது. அது சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் அவள் சொல்ல மறுக்கிறாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது என் தம்பி, இதுதான் அவன் பேர் என்று. விமானத்துக்கு நேரமும் இருந்தது. அக்கா வயர்லெஸ்ஸை எடுத்தாள். தன் மேலதிகாரியிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "இவங்க ரெண்டு பேரும் என் குடும்பம், சார். நான் விசாரிக்கக் கூடாது. வேற ஆபீசர அனுப்புங்க."

"அக்கா!" என்றேன்.

"சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

இன்னொரு பக்கத்திலிருந்து ஹெர்பர்ட் என்ற அதிகாரி வரவேண்டும். காக்ஸ் டவுன்காரர், தமிழ் தெரிந்தவர். அவர் வருவதற்குள் எங்கள் பைகளைப் பிரித்தார்கள். மோப்ப நாய் வந்து மைசூர்பாக்கை மட்டும் ரொம்ப நேரம் விசாரித்தது. கூரைக்கு மேலே எங்கேயோ ஒரு பெண் குரல் தினேஷ், முத்தம்மா என்று எங்கள் பெயரைக் கடைசித் தடவையாகக் கூப்பிட்டு, அப்புறம் விட்டுவிட்டது. எனக்குக் கிருத்திகா அப்பாவின் அமைதியான குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹெர்பர்ட் வந்து அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா, குண்டு எங்க?"

"இதோ, இதான் குண்டு" என்று அம்மா என் கையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள். "மேடம்தான் பேரு வெச்சிது."

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்தார். "கன்ஃபர்ம்டு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிக்காமல் இருக்கக் கூரையைப் பார்த்தார்கள்.

விமானம் போய்விட்டது. கிரணுக்கு அதற்குள் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மேடத்தின் அம்மாவை, மேடத்தின் தம்பியை, அதுவும் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர்களை நிறுத்திவிட்டோம் என்று அவள் அழுதுகொண்டு நின்றாள். ஷிஃப்டே அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் அந்தப் பெண்ணுக்கு நாலு வார்த்தை விழட்டும் என்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "கிரண் செஞ்சது சரி. இன்னைக்கு அவள நான் திட்டினா, நாளைக்கு இங்க யாருமே யாரையும் நிறுத்திக் கேக்க மாட்டீங்க. என் அம்மாவே வந்து சொன்னாலும் நிறுத்தணும். இன்னைக்கு அதான் நடந்துச்சு. நான் பாடம் எடுத்ததுலதான் கொற."

கிரணுக்கு அழுகை நின்றது. நான் அக்கா முன்னால் போய் நின்றேன். "நல்லா பேசுற. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்நேரம் பிளேன்ல இருப்பேன். உனக்கு உன் பசங்கதான் முக்கியம். மூணு தடவையும் உன்னாலதான் என் கல்யாணம் நின்னு போவுது."

அவள் போனை எடுத்தாள். யாரிடமும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவள், கிருத்திகாவின் அப்பாவுக்கு அவளே போட்டாள். "தப்பு என்னோடதுங்க. என் தம்பிமேலயோ என் ஸ்டாஃப்மேலயோ தப்பில்ல." பிறகு நடந்ததை முழுவதும் சொன்னாள், அந்தப் பெயரையும் சேர்த்து. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போன் கை மாறிய சத்தம். கிருத்திகாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"குண்டா இருக்காருன்னு போட்டோவுலயே தெரியும்ங்க. ஆனா ஏர்போர்ட்டையே நிறுத்துற அளவுக்கா?" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள், "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த பிளேன்ல வரச் சொல்லுங்க. எட்டு மணி ஆனாலும் பரவால்ல, நாங்க உக்காந்திருக்கோம். சொந்த அம்மாவ நிறுத்தி வெச்சவங்க எனக்கு நாத்தனாரா வேணும்."

மத்தியானம் அடுத்த விமானத்துக்கு மறுபடியும் அதே வரிசை, அதே திரை, அதே கிரண். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு போனாள், பையில இன்னா கீது என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கிரண் ஒன்று விடாமல் சோதனை போட்டாள், கொண்டை உட்பட. போர்டிங் பாஸில் சீல் விழுந்தது.

சீல் விழும் வரை அக்கா அசையவில்லை. விழுந்த பிறகுதான் எங்கள் பக்கம் வந்தாள். அம்மாவின் கொண்டையில் பூ கலைந்திருந்தது. தன் தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அதைச் சரியாகக் குத்திவிட்டாள். தோளில் சேலையை இழுத்து விட்டாள். முகத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

அப்புறம் என்னிடம் வந்தாள். "கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். சுற்றிலும் அவளுடைய ஆட்கள். பிறந்ததிலிருந்து என்னை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை, அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் மெதுவாக, புதுசாகக் கற்ற வார்த்தை மாதிரி சொன்னாள்.

"தினேஷ். நல்லபடியா போய்ட்டு வா."

நான் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டது அதுதான். அவள் வாயில் கேட்டதும் யாரோ ஒரு பயணியை அனுப்பிவைக்கிற மாதிரி இருந்தது. வேண்டாம் அக்கா, எப்பவும் போலவே கூப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் கிரண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையை அங்கே சொல்ல முடியாது. தலையை ஆட்டிவிட்டு விமானத்தைப் பார்த்து நடந்தேன்.